சொல்லிவிட்டு வரட்டும்

மார்ச் 4

தம்பிக்கு,

நீ மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கூட்டம் முடிந்த கையோடு பேருந்து நிலையத்துக்கு நடந்து போனாயாம். மண்டபத்திலிருந்து நம் வீடு எட்டு நிமிட நடை. மேடையில் உன்னைப் பார்த்ததும், சரி, சாப்பிட வருவான், காலையில் வைத்த குழம்பு மூன்று பேருக்குப் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ வாயைத் திறந்த பிறகுதான் புரிந்தது, உன்னை அழைத்து வந்தது ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று.

நான் ஹெலிகாப்டர் இறங்குதள எதிர்ப்புக் குழுவின் செயலாளர். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சில பேரோட மத்தியானத் தூக்கத்துக்காக அங்கே மலையில ஆளுங்க சாகணுமா?" என்கிறாய். கை தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ, "அந்தம்மாவோட சொந்தத் தம்பிதாங்க" என்றதும் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

உனக்குத் தெரியாதது ஒன்றைச் சொல்கிறேன். ஜனவரியில் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் காலி இடத்தில் ஹெலிகாப்டரை ஒருமுறை சோதனைக்காக இறக்கினார்கள். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இறங்குதளம் போட அவர்கள் குறித்திருக்கும் புள்ளியிலிருந்து எங்கள் படுக்கையறை ஜன்னல் அறுபத்திரண்டு மீட்டர். நானே நாடா பிடித்து அளந்தேன். உன் அத்தானின் ஆலையில் பாய்லர் வெடித்து எட்டு வருடமாகிறது. இந்த வீட்டில் குக்கர் வைப்பதில்லை, கதவுக்கெல்லாம் துணி சுற்றியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஹெலிகாப்டர் இறங்கிய அன்று அவர் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தவர் நாலு மணி நேரம் வெளியே வரவில்லை. வேட்டி நனைந்திருந்தது. அறுபத்து மூன்று வயது மனிதர், நான் துடைத்துவிட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதைத்தான் நீ மத்தியானத் தூக்கம் என்றாய்.

போன் செய்யாதே. போனில் நீ பேசினால் நான் கத்துவேன். நான் கத்தினால் அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். எழுதினால் யாருக்கும் சத்தம் கேட்காது.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

என்னைப் பேசக் கூப்பிட்டபோது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வராதே என்பாய். வராதே என்றால் வந்திருக்க மாட்டேன். அதனால் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து நம் தெருமுனை வரை வந்தேன். வாசல் விளக்கு எரிந்தது. எந்த முகத்தோடு உள்ளே வருவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

அத்தான் மாடிப்படிக்கு அடியில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது. வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பேச்சை அல்ல.

என் பக்கத்தையும் கேள். இங்கே மலை ஆஸ்பத்திரியில் பதினாறு கட்டில். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், அதுவும் மழை பெய்யாவிட்டால். மற்ற ஐந்து நாளும் தலைமை நர்ஸ் ஆகிய நான்தான் டாக்டர், கம்பவுண்டர், கதவு திறப்பவன் எல்லாம். ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அதன் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம். கீழே உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆறு மணி நேரம், நூற்றுப் பதினெட்டு வளைவு. நான் எண்ணியிருக்கிறேன். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வரும்போது செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்காது.

பத்தொன்பது வருடமாக இப்படி இறங்கி ஏறுகிறேன். முழங்கால் தேய்ந்துவிட்டது. பொறுமை அதற்கும் முன்னாலேயே தேய்ந்துவிட்டது. ஒரு ஹெலிகாப்டர் வரும் என்று யாரோ சொன்னால், எங்கே கையெழுத்து என்றுதான் கேட்பேன்.

உங்கள் குழுவுக்குப் பல் டாக்டர் தலைவராமே. நாள் முழுக்க அடுத்தவன் வாயில் மிஷினை ஓட்டுகிறவர் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வது நல்ல வேடிக்கை.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

எங்கள் மனுவுக்குக் கலெக்டர் உத்தரவு கிடைத்துவிட்டது. ஆறு மாதத்துக்கு இறங்குதள வேலை எதுவும் நடக்கக் கூடாது. நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அத்தனையும் நானும் எதிர்வீட்டு வாத்தியார் மனைவியும் படி ஏறி இறங்கி வாங்கியவை. உன் முழங்காலைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் இரண்டு இருக்கின்றன.

பல் டாக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். உன் வேடிக்கைப் பேச்சை அவரிடம் சொல்லவில்லை.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உங்கள் உத்தரவு வந்த ஒன்பதாம் நாள் நடந்ததை எழுதுகிறேன். படி.

இருபத்தாறு வயதுப் பெண். முதல் பிரசவம். காலை ஏழு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழரைக்கு ரத்தம் நிற்கவில்லை என்று தெரிந்தது. கையில் இருந்த ஊசி, மருந்து எல்லாம் கொடுத்தேன். டாக்டர் வராத நாள். எட்டு மணிக்கு வண்டியில் ஏற்றினோம். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கணவர் முன்னால் ஓட்டுநரோடு உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண் நினைவோடுதான் இருந்தாள். ஒவ்வொரு வளைவிலும், "இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே?" என்பாள். "வந்துட்டோம்மா" என்பேன். நூற்றுப் பதினெட்டு வளைவிலும் வந்துட்டோம் என்றேன். சமதளத்துக்கு இறங்கிய பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பதினொரு நிமிடம். கேட் திறந்தபோது அவசரம் தீர்ந்துவிட்டது. ஓட்டுநர் கையை நீட்டிச் சைரனை நிறுத்தினார். சத்தம் நின்றதும் கணவர் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார்.

உன் நானூற்றுப் பன்னிரண்டு பேரில் யாராவது ஒருவர் இங்கே வந்து அந்தக் குழந்தையைத் தூக்கிப் பார்க்கட்டும்.

தம்பி


ஏப்ரல் 28

உன் கடிதம் கிடைத்தது.

பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். தெம்பில்லை. கொலைகாரி என்று நீ ஒரே வார்த்தையில் எழுதியிருக்கலாம், தபால்காரருக்குச் சுமை குறைந்திருக்கும்.


மே 22

தம்பிக்கு,

ஒரு மாதம் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது அவள் கேட்டது காதில் விழுகிறது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

போன வாரம் என் பழைய ஆபீசுக்குப் போனேன். முப்பத்தோரு வருடம் வரைபடம் போட்ட நகரமைப்புப் பிரிவு. நான் குனிந்து கோடு போட்ட மேசையை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவள் இப்போது அங்கே மேலதிகாரி. இறங்குதளக் கோப்பைக் கேட்டேன். "பொதுமக்கள் யார் வேணாலும் பாக்கலாம், நீ ஏன் கெஞ்சற?" என்று எடுத்துக் கொடுத்தாள்.

முழுக்கப் படித்தேன். ஹெலிகாப்டர் எங்கெங்கிருந்து ஆளை ஏற்றிவரும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. விமான நிலையம், துறைமுகம், இரண்டு தொழிற்பேட்டைகள், கடலோர விடுதிகள். ஐந்தே இடம். அதில் மலை இல்லை. இரண்டாவது முறையும் படித்தேன். மலை என்ற சொல் அந்தக் கோப்பில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. "மலைப்பகுதி செவிலியர் கூட்டத்தில் ஆதரவாகப் பேசினார்" என்ற இடத்தில்.

இதைச் சண்டைக்குக் கேட்கவில்லை. வரைபடம் போட்டவள் கேட்கிற கேள்வி இது. ஹெலிகாப்டர் உன் மலையில் எங்கே இறங்கும்?

அக்கா


ஜூன் 5

அக்காவுக்கு,

எங்கேயும் இறங்காது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். என்னைக் கூட்டத்துக்கு அழைத்த அதே மனிதர்தான் பேசினார். "உங்க பக்கம் அங்கீகரிச்ச இறங்கற இடம் இருந்தா கண்டிப்பா வரும் சார்" என்றார். "இருக்கான்னு நீங்க அன்னிக்குக் கேக்கலையே" என்றேன். "நீங்களும் சொல்லலையே சார்" என்றார். சொல்லவில்லைதான். ஹெலிகாப்டர் என்றால் மொட்டைப் பாறையில்கூட இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரிக்காமல் மேடை ஏறியவனுக்கு மூக்குடைபட்டது சரிதான்.

உத்தரவு வந்திருக்காவிட்டாலும், இறங்குதளம் அன்றைக்கே கட்டி முடித்திருந்தாலும், அந்தப் பெண்ணுக்கு எதுவும் வந்திருக்காது. அவளை நான் இறக்கிவைத்த நாளிலிருந்து அந்தப் பாரத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது. கைக்கு எட்டிய தலை உன்னுடையது. மன்னித்துக்கொள் என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. பிள்ளைகள் பந்தடித்தால் பந்து தானாகக் கிழக்கே உருண்டுபோகும், அந்த அளவுக்குச் சரிவு. அதை அங்கீகரிக்க வைக்க வேண்டுமென்றால் அளந்து வரைபடம் அனுப்ப வேண்டுமாம். எப்படி அளப்பது? நீ முப்பத்தோரு வருடம் செய்த வேலை. இப்போது நீ இருக்கிற இடத்தில் நீ செய்யவே கூடாத வேலையும் இதுதான். பதில் வராவிட்டால் புரிந்துகொள்வேன்.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

சின்ன வயதில் உன்னை அப்படிக் கூப்பிட்டால் அழுவாய். இப்போது தொப்பை வந்திருக்கும், அழ மாட்டாய்.

சரிவு பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் முப்பத்தைந்து மீட்டர் வாங்கு. தண்ணீர் நிரப்பு. ஒரு குமிழி கூட உள்ளே இருக்கக் கூடாது. ஒரே உயரத்தில் இரண்டு கம்பு, சென்டிமீட்டர் கோடு போட்டது. மேட்டில் ஒரு கம்பு, பள்ளத்தில் ஒரு கம்பு. குழாயின் இரண்டு வாயையும் கம்புகளோடு சேர்த்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கே கம்பில் எந்தக் கோடு, இங்கே எந்தக் கோடு, எழுதிக்கொள். வித்தியாசம்தான் சரிவு. அப்படி மூன்று மூன்று மீட்டருக்கு. சுற்றிலும் இருக்கிற மரம், கம்பம், மின்கம்பி ஒவ்வொன்றின் உயரமும் தூரமும் வேண்டும். குத்துமதிப்பாக எழுதாதே. உன் வேலையில் குத்துமதிப்பு உண்டோ என்னவோ, என் வேலையில் கிடையாது.

நீ உண்மையைச் சொன்னாய். நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று உன் அத்தானுடைய கையெழுத்து. அதைப் போட்டது நான். அவரைக் கேட்கவே இல்லை. அவருக்காகத்தானே இத்தனையும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று அவர் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"மனுவுல உங்க பேர்ல நானே கையெழுத்து போட்டுட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"என் பேருக்கு நான் சுழி போட மாட்டேன். நீ போட்டிருந்த."

"கோபமா?"

அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார். நான் உள்ளே திரும்பியபோது பேசினார்.

"அன்னிக்கு பாய்லர் சொல்லிட்டா வெடிச்சுது? ஒரு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா நாங்க மூணு பேரும் வெளியில வந்திருப்போம். எனக்குச் சத்தம் மட்டும் இல்ல. எப்போ வரும்னு தெரியாம காத்துக்கிட்டே இருக்கறதுதான். நீ ஹெலிகாப்டரே வரக் கூடாதுன்னு போராடற. அது வரட்டும். சொல்லிட்டு வரட்டும்."

எட்டு வருடத்தில் பாய்லர் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். நீ அவரைக் கேட்காமல் கேலி செய்தாய். நான் அவரைக் கேட்காமல் கொடி பிடித்தேன். இதில் யார் பெரிய ஆள்?

அக்கா


ஜூலை 10

அக்காவுக்கு,

அளவுகள் தனித்தாளில். சரிபார். குமிழியை வெளியேற்றவே எங்களுக்கு அரை நாள் ஆயிற்று. ஓட்டுநர் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சி உறிஞ்சி, "இதுக்கு நூத்துப் பதினெட்டு வளைவே தேவலை சார்" என்றார்.

முப்பது மீட்டருக்கு இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் இறக்கம். நூற்றுக்கு ஏழு என்றால் கதை நடக்காது, மூன்றுக்குள் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேர், முப்பது பேர் வருகிறார்கள். அந்தப் பெண்ணின் கணவர் முதல் ஞாயிறு விடிந்ததுமே மண்வெட்டியோடு வந்து நின்றார். மூன்று வாரமாக வருகிறார். யாரோடும் பேசுவதில்லை. நேற்று என்னிடம் மட்டும் கேட்டார்.

"இங்க கண்டிப்பா இறங்குமா?"

முன்பு போலிருந்தால், இறங்கும் என்று சொல்லியிருப்பேன்.

"தெரியலைங்க. முதல்ல சமமாகட்டும்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வெட்டப் போய்விட்டார்.

அத்தான் சொன்னதைப் பலமுறை படித்தேன். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதுதான். ஊசி போடுவதற்கு முன்னால், போடப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் செய்கிறேன். உனக்கு மட்டும் சொல்லாமல் மேடை ஏறினேன்.

தம்பி


ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

உன் மைதானத்தின் வரைபடம் இதோடு இருக்கிறது. மடிப்பில் கிழித்துவிடாதே. வடகிழக்கில் இருக்கும் மின்கம்பி எப்படிப் பார்த்தாலும் இடிக்கிறது, அதைத் தரைக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லித் தனியாக விண்ணப்பம் போடு.

இன்னொரு வரைபடமும் போட்டேன், இங்கே இருக்கும் இடத்துக்கு. ஆஸ்பத்திரியின் மறு கோடியில் வண்டிகள் நிறுத்தும் ஐந்து மாடிக் கட்டடம் இருக்கிறது. இறங்குதளத்தை அதன் உச்சியில் வைத்தால் எங்கள் ஜன்னலிலிருந்து இருநூற்று நாற்பது மீட்டர். வீடுகளுக்கு மேலே பறக்க வேண்டாம், ரயில் பாதைக்கு மேலாக வந்து போகலாம். அவசர நோயாளிக்கு மட்டும். ஒவ்வொரு முறையும் அரை மணி முன்னால் தெருவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். மலையைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இவ்வளவுக்கும் சம்மதித்தால் மனுவைத் திரும்ப வாங்குவோம் என்று எழுதிக் குழுக் கூட்டத்தில் வைத்தேன்.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேள். பல் டாக்டர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம்னு சொல்றதுக்குத்தாங்க இந்தக் குழு. எங்கே வேணும்னு சொல்றதுக்கு இல்ல. நீங்க எந்தப் பக்கம்?"

"நான் அளந்த பக்கம்" என்றேன்.

"தம்பி சொல்லிக் குடுத்தாரா?" என்று வாத்தியார் மனைவி கேட்டாள். என்னோடு நானூறு வாசல் ஏறினவள். அவள் பேரக்குழந்தை கைக்குழந்தை, சத்தத்துக்கு வீறிட்டு அழும். அவள் பயமும் பொய்யில்லை. செயலாளர் நோட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். மேல்மாடி தாங்காது என்றார். தூண்களின் கணக்கைக் காட்டச் சொன்னேன். காட்டினார். இரும்புச் சட்டம் வைத்தால் தாங்கும் என்று அவர் மேசையிலேயே போட்டுக் காட்டினேன். "யோசிக்கிறோம்" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான்.

இப்போது தெருவில் நடந்தால் ஜன்னல்கள் மூடிக்கொள்கின்றன. ஒருவிதத்தில் அமைதியாகத்தான் இருக்கிறது. உன் அத்தானுக்குப் பிடிக்கும்.

எனக்கு ஓர் ஆசைதான். ஒரு வாரம் யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது.

அக்கா


ஜனவரி 12

அக்காவுக்கு,

ஒரு வாரம் கேட்டாய், நாலு மாதம் கொடுத்திருக்கிறேன்.

நம் மைதானத்துக்கு அங்கீகாரம் வந்துவிட்டது. பதினொரு கையெழுத்து, ஏழு முத்திரை. பட்டியலில் மலை ஆறாவது இடமாகச் சேர்ந்திருக்கிறது. கீழே அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் இரும்புச் சட்டம் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்றும், உன் குழுவில் பாதிப்பேர் சம்மதித்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நீ எழுதவில்லை. பல் டாக்டர் கோர்ட்டுக்குப் போகிறாராமே. போகட்டும்.

ஆள்கள் தாளம் தட்டிக் கொண்டாடினார்கள். எனக்கு அன்று முழுக்க வேலை, மூன்று பேருக்குக் காய்ச்சல். சாயங்காலம் தனியாகப் போய் அந்தச் சமமான மண்ணில் நின்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் முந்தியிருந்தால் என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

உள்ளே இன்னொரு உறை இருக்கிறது. அது அத்தானுக்கு. மேடையில் சொன்னதற்கு. நீ பிரிக்காதே.

தம்பி


மே 30

தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை நீ ஏற்றி அனுப்பிய ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டிருப்பாய். உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

காலை பத்து இருபதுக்குப் போன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். "அரை மணியில வருதுங்க. மலையிலேருந்து" என்றாள். இதற்கு முன் ஒன்பது முறை வந்திருக்கிறது, மலையிலிருந்து இதுதான் முதல். உன் அத்தானிடம் சொன்னேன். அவரே எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உள்ளறை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ரயில் பாதைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. அவர் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். இருநூற்று முப்பது வரை எண்ணினார். நின்றுவிட்டது.

தாங்கிக்கொண்டார் என்று நான் எழுத மாட்டேன். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது. அன்று முழுவதும் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். மாடிப்படிக்கு அடியில் போவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். கல் குவாரியில் பாறை உருண்டு காலில் விழுந்ததாமே. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வரும்போது வாசல் கேட்டில் ஒரு பெண், காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, காலையில் வா என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அனுப்பிய ஆளின் மனைவி, மலையிலிருந்து பேருந்து மாறி மாறி வந்திருக்கிறாள். ஹெலிகாப்டரில் நோயாளிக்கு மட்டும்தான் இடம். கூட வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இவ்வளவு வரைபடம் போட்டேன், அதற்கு ஒரு கோடு போடவில்லை.

கையில் ஒரு துணிப்பை. "அவர் செருப்பு அங்கேயே கெடந்துச்சும்மா, எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். இரண்டும் இருந்தன. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சாப்பிட உட்கார்ந்தவள் சுவரையும் சாத்தியிருந்த ஜன்னலையும் பார்த்தாள். எதிரே உன் அத்தான்.

"இவ்வளவு பக்கத்துல இருக்கீங்களே. அந்தச் சத்தம் உங்களுக்குத் தொல்லையா இருக்காதா ஐயா?"

"தொல்லைதான்மா" என்றார். "நீ சாப்பிடு."

இரவெல்லாம் எனக்கு ஒரே யோசனை, காலைப் பற்றி அவளிடம் யார் சொல்வது என்று. நீ இருந்தால் சொல்லத் தெரிந்திருக்கும். விடிந்ததும் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் நாற்காலி நகர்த்தும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவளுக்கு எதிரே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நீ உள்ளே போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்ல. எடுத்துட்டாங்க. ஆள் நல்லா இருக்கார். பேசறாராம். நீ போகும்போது போர்வை தட்டையா இருக்கும். அதைப் பாத்ததும் முகம் மாறும். இங்கேயே அழுதுட்டுப் போ. அவசரமில்ல, ஒன்பது மணிக்குத்தான் விடுவாங்க."

அவள் அழுதாள். அவர் எழுந்து போகவில்லை. சத்தம் போட்டுத்தான் அழுதாள், தம்பி. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது மணிக்கு மூன்று பேரும் நடந்து போனோம். வாத்தியார் மனைவி வாசலில் நின்றிருந்தாள். "யாரு?" என்று கேட்டாள். சொன்னேன். உள்ளே போய், மடித்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண் இன்னும் இரண்டு வாரமாவது இங்கே இருக்க வேண்டியிருக்கும். முன்னறையைக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை ஆளை ஏற்றும்போதே பின்னால் வருகிறவர்களிடம் எங்கள் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பு. எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியாது. எனக்கும் வயதாகிறது.

உன் உறையை அவர் பிரித்துப் படித்தார். என்ன எழுதியிருந்தாய் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது போன் வந்தது. துறைமுகத்திலிருந்து ஒன்று வருகிறதாம். ஜன்னலைச் சாத்த வேண்டும், நிறுத்துகிறேன்.

அக்கா